சாயம் கடைசி வேலை

கம்பிச் சக்கரக் கார் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்



பழைய கார்களின் அணிவகுப்புக் காலம் நெருங்கினால் பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள் தவறாமல் வரும். "சக்கரம் மங்கிக் கிடக்கு, கொஞ்சம் பளபளன்னு பண்ணிக் கொடுங்க." எம்.ஜி. வைத்திருப்பவர் கேட்பார், டிரையம்ப் வைத்திருப்பவர் கேட்பார், ஜாகுவார் இ-டைப்பை ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஓட்டுகிறவரும் கேட்பார். அந்த ஆசை எனக்கும் புரியும். அந்தக் கார்களின் பாதி அழகு கம்பிச் சக்கரத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் உங்கள் எல்லோரிடமும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகவே இந்த மடல்.

கம்பிச் சக்கரத்துக்குச் சாயம் பூசுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்ய நேரமோ பணமோ இல்லையென்றால் இந்த ஆண்டு சாயம் வேண்டாம், சக்கரத்தை மங்கலாகவே விட்டுவிடுங்கள். மங்கிய சக்கரத்தில் துரு எங்கே கசிகிறது, எந்தக் கம்பியின் அடியில் விரிசல் ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பழுதின் மேலேயே சாயம் ஏறிவிட்டால் அது பல வருடங்களுக்கு யார் கண்ணிலும் படாது. படுகிற நாளில் வண்டி நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சக்கரம் எப்படி நிற்கிறது என்பது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பழைய மரச் சக்கரத்தில் ஆரக்கால் தடித்த கட்டை, பாரத்தைத் தலையில் வாங்கி நிற்கும். கம்பிச் சக்கரத்தின் கம்பியோ பென்சில் தடிமன்கூட இல்லை. அதன் பலமெல்லாம் இழுப்பில் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு சட்டத்தோடு விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கும் வரை எவ்வளவு கனமான ஆளும் படுக்கலாம். நாலு கயிறு தளர்ந்ததும் நடுவில் குழி விழும், மிச்சக் கயிறுகளும் சீக்கிரமே நைந்துபோகும்.

வண்டி ஓடும்போது தரைப்பக்கம் வருகிற கம்பிகளில் இழுப்பு கொஞ்சம் குறைகிறது, மேலே போனதும் திரும்ப ஏறுகிறது. 15 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 முறை சுற்றுகிறது. சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு கம்பியும் இரண்டரை லட்சம் முறை தளர்ந்து இறுகியிருக்கும். போதுமான இழுப்போடு கட்டிய கம்பி இதை அலட்சியமாகத் தாங்கும், ஏனென்றால் அதன் இழுப்பு ஒருபோதும் முழுதாக விடுபடுவதில்லை. தளர்ந்த கம்பியின் கதை வேறு. ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு கணம் தொங்கி, பிறகு வெடுக்கென்று இழுபடுகிறது. ஹப்பில் கொக்கி போல் வளைந்து நுழைகிற இடத்தில்தான் இரும்பு அலுத்துப்போகும், அங்கேதான் முறியும். ஒன்று முறிந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளின் மேல் விழுகிறது. அவை ஏற்கெனவே அதே வயதுடைய, அதே மழையில் நனைந்த கம்பிகள்.

இந்தச் சக்கரம் சைக்கிளிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஹப்பின் விளிம்பைத் தொட்டபடி சாய்த்துக் கட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் விசை கம்பி வழியாக ரிம்முக்குப் போக அந்தச் சாய்வு தேவைப்பட்டது. அதே கவென்ட்ரியின் சைக்கிள் நிறுவனமான ரட்ஜ்-விட்வொர்த்தான் பின்னாளில் ஒரே நட்டில் கழற்றி மாட்டும் கார் சக்கரத்தைக் கொண்டுவந்தது. 1908ஆம் ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் இப்படிப்பட்ட சக்கரங்களுக்கு அனுமதி மறுத்தார்கள், அவற்றோடு வரவிருந்த நேப்பியர் அணி பந்தயத்திலிருந்தே விலகிக்கொண்டது. எதிராளிகள் அஞ்சும் அளவுக்கு அது வேகமான ஏற்பாடு.

ஆனால் சைக்கிளுக்கும் காருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வளைவில் சாய்ந்து போகின்றன, பாரம் பெரும்பாலும் சக்கரத்தின் போக்கிலேயே இறங்குகிறது. கார் அப்படிச் சாய்வதில்லை. வளைவில் திருப்பும்போது டயர் பக்கவாட்டில் பிடுங்கப்படுகிறது, அந்தப் பிடுங்கலையும் இந்த மெல்லிய கம்பிகள்தான் தாங்க வேண்டும். அதனால்தான் உள்வரிசையில் குட்டைக் கம்பிகளும் வெளிவரிசையில் நீளக் கம்பிகளுமாக அகலமாக விரித்துக் கட்டினார்கள். எம்.ஜி.பி. காரின் 14 அங்குலச் சக்கரத்தில் 60 கம்பிகள். இ-டைப்பில் 72. இத்தனை கம்பிகளில் எது தளர்ந்திருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் டயர், டியூப், ஃபிளாப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். வெளிப்புறம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, உண்மை நிலவரம் உள்ளே இருக்கிறது. கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்களின் துளைகள் வழியாக இறங்கிய தண்ணீர் ரிம்மின் பள்ளத்தில் தேங்கி, ஃபிளாப்புக்கு அடியில் காயாமலே கிடந்து அரித்திருக்கும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023இல் மிக்ஜாம் புயலின்போதோ அச்சு வரை தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும். வெளியே கழுவித் துடைத்து மெருகேற்றிய எத்தனையோ சக்கரங்களின் உள்ளே சேற்று மண் இன்னும் இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வெள்ளமே தேவையில்லை, உப்புக் காற்று போதும்.

பிறகு மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கம்பிகளைச் சுத்தம் செய்துவிட்டு, சின்ன ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இழுப்பு சரியாக இருக்கும் கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது "டொக்" என்று செத்த ஒலி தரும். நீளக் கம்பிக்கும் குட்டைக் கம்பிக்கும் ஒலி வேறுபடும் என்பதால் ஒரே வரிசைக் கம்பிகளைத் தமக்குள் ஒப்பிட வேண்டும். செத்த ஒலி தருபவற்றில் சாக்பீஸால் குறி வையுங்கள். அக்கம்பக்கமாக நாலைந்து குறி விழுந்தால் அந்தச் சக்கரத்தை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

அடுத்தது பல். காரின் அச்சிலுள்ள ஹப்பின் மேல் இருக்கும் ஸ்ப்ளைன் பற்களும் சக்கரத்தின் உள்ளே இருக்கும் பற்களும் ஒன்றோடொன்று கோத்துத்தான் எஞ்சினின் விசையும் பிரேக்கின் பிடியும் சக்கரத்துக்குப் போகின்றன. 265 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்தப்பட்ட இ-டைப் எஞ்சினும் இந்தப் பற்களை நம்பித்தான் ஓடுகிறது. நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும். தேய்ந்தது கூர்மையாகி, ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கிரீஸ் வறண்டு பற்கள் உராய்ந்தால் செங்காவி நிறத்தில் நுண்தூள் கொட்டியிருக்கும். வண்டியை நகர்த்தும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, தூக்கி நிறுத்திய சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹப் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பல் போய்விட்டது. பற்கள் முழுதாகத் தேய்ந்தால் பின்சக்கரத்துக்கு விசை போகாது, முன்சக்கரத்துக்குப் பிரேக் போகாது. முன்னது நடந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். பின்னது நடந்தால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரத்தை மாட்டாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூர்மையான பழைய பற்கள் புதுப் பற்களைக் குறுகிய காலத்தில் தின்றுவிடும். மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். செலவு அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

விரிசல் பார்ப்பதற்குச் சிவப்புச் சாயத் திரவச் சோதனை இருக்கிறது. சிவப்புத் திரவத்தைத் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி வரும். தொழிற்பேட்டைகளில் வெல்டிங் சோதனை செய்கிறவர்களிடம் கேட்டால் செய்து தருவார்கள். ஹப் கூட்டில் கம்பித் துளைகளைச் சுற்றியும் ரிம்மில் நிப்பிள் உட்காரும் குழிகளைச் சுற்றியும் பார்க்கச் சொல்லுங்கள். துளைக்குத் துளை விரிசல் ஓடியிருந்தால் வெல்டிங் வைத்து ஒட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அந்தச் சக்கரத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்டிவையுங்கள், அங்கே அது அழகாகவே இருக்கும்.

இனி கோட்டம் எடுப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுத விரும்புகிறேன்.

நம் ஊர்களில் தெருவுக்கொரு சைக்கிள் கடை இருந்த காலத்தில் கோட்டம் எடுக்கத் தெரிந்த கை எல்லா இடத்திலும் இருந்தது. புல்லட்டுக்குச் சக்கரம் கட்டுகிற மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, விரலை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி எதிர்ப்பக்கத்தைக் கால் திருகு முறுக்குவார்கள். அந்தக் கை உங்களுக்கு வேண்டும். கார் சக்கரத்தில் கம்பி வரிசைகள் அதிகம், இழுப்பும் அதிகம், பக்க ஆட்டம், ஏற்ற இறக்கம், ரிம் உள்ளே வெளியே தள்ளி உட்காரும் அளவு என்று மூன்றையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று நகரும். அதனால் விரலுக்குப் பதில் டயல் கேஜ் வைக்கச் சொல்லுங்கள், காரின் ஹப்பையே ஸ்டாண்டாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பக்க ஆட்டமும் ஏற்ற இறக்கமும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் எனக்குத் திருப்தி. அதற்குக் கீழே கொண்டுவர முடிந்தால் மகிழ்ச்சி, ஆனால் அதற்காக நாலு கம்பிகளை அளவுக்கு மீறி முறுக்கி மற்றவற்றைத் தொங்கவிடக் கூடாது. நேராகச் சுற்றும் சக்கரத்திலும் இழுப்பு தாறுமாறாக இருக்கலாம், ஆகவே முடித்த பிறகு மறுபடி தட்டிக் கேட்க வேண்டும்.

வேலை தொடங்குவதற்கு முதல் நாளே நிப்பிள்களில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். இறுகிப்போன நிப்பிளைப் பலத்தால் திருகினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், மரை வழுக்கும். அப்படிப்பட்டதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பியும் புது நிப்பிளும் போடுவதே சரி. எல்லாம் முடிந்ததும் நிப்பிளுக்கு மேல் துருத்தும் கம்பி நுனிகளை ரிம்மின் உட்புறத்தில் மட்டமாகத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டியூபைக் குத்தும். நிப்பிள் துளைகள் இருப்பதால் இந்தச் சக்கரங்களுக்கு டியூப் கட்டாயம். உட்புறத்தில் சிலிகான் பூசி டியூப் இல்லாமல் ஓட்டலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், அந்தப் பூச்சுக்கு அடியில் நிப்பிளை மறுபடி எப்படித் திருப்புவது என்று அவரிடமே கேளுங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் நீங்கள் கேட்ட வேலைக்கு வருகிறோம்.

எந்தப் பூச்சு? உங்களில் பலர் குரோம் கேட்கிறீர்கள். என் பதில்: உங்கள் பழைய சக்கரத்துக்குக் குரோம் வேண்டாம். எம்.ஜி. டி.சி. காரின் உயரமான 19 அங்குலச் சக்கரங்கள் ஆலையிலிருந்து வெள்ளிச் சாயத்தோடுதான் வெளிவந்தன. எம்.ஜி.பி.யிலும் இ-டைப்பிலும் சாயம் பூசிய சக்கரம் வழக்கம், குரோம் தனிக் காசு கொடுத்துக் கேட்டவர்களுக்கு. சாயம் ஏழைகளின் பூச்சு என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. அந்தக் கார்களை வடிவமைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை.

இது ரசனையோடு நிற்கும் விஷயமும் அல்ல. முலாம் பூசுவதற்கு முன் இரும்பை அமிலத்தில் முக்குவார்கள், பிறகு மின்சாரம் பாய்ச்சுவார்கள். இரண்டிலும் ஹைட்ரஜன் பிறந்து இரும்புக்குள் புகுகிறது. வலுவான எஃகு அதனால் நொறுங்கும் தன்மை அடைகிறது. இழுப்பில் நிற்கிற கம்பி ஒன்றும் நடக்காதபோதே ஒருநாள் திடீரென்று முறியக்கூடும். முலாம் பூசிய கையோடு 200 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் சூடேற்றினால் அந்த ஹைட்ரஜனை வெளியேற்றலாம். உங்கள் ஊர் முலாம் பட்டறையில் அதைச் செய்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கட்டிய சக்கரத்தை அப்படியே தொட்டியில் முக்கினால் இன்னொரு தொல்லை: கம்பிகள் குறுக்கிடும் இடங்களிலும் கம்பித் தலைகளின் அடியிலும் முலாம் ஏறாது, ஆனால் அமிலம் புகுந்து அங்கேயே தங்கிவிடும். ஒரு மழைக்காலம் கழித்து அந்த இடங்களில்தான் துரு வழியும்.

முலாம் தொட்டியில் இருக்கிற ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அதே வகைக் குரோமியம் கலந்த லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையில் மலையாகக் கிடந்து நிலத்தடி நீரை நாசமாக்கியது நமக்குத் தெரியும். அது தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய வேதிப்பொருளைச் செய்ததால் வந்த கழிவு, கார் சக்கரத்தால் வந்ததல்ல. ஆனாலும் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் சாக்கடையில் விடும் சின்ன முலாம் பட்டறையில் நம் வேலையைக் கொடுக்கும்போது, அந்தத் தெருவின் கிணற்றைப் பற்றி ஒருமுறை யோசிக்க வேண்டாமா?

குரோம்தான் வேண்டும் என்று மனம் உறுதியாக இருந்தால் புதுச் சக்கரமாக வாங்குங்கள். ஹப், ரிம், கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பூசி, பிறகு கட்டியிருப்பார்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டதும் கிடைக்கிறது. இதற்காக வெளிநாட்டுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டன்லப்பின் கூட்டோடு 1960களில் டி.வி.எஸ். குழுமம் சென்னை பாடியில் தொடங்கிய வீல்ஸ் இந்தியா, பழைய பிரிட்டிஷ் கார்களுக்கான கம்பிச் சக்கரங்களைச் செய்து ஏற்றுமதி செய்துவரும் நிறுவனம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் ஊரில் கட்டிய சக்கரத்தில் ஓடுகின்றன. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

பவுடர் கோட்டிங்கைப் பற்றி உங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நான் வேண்டாம் என்கிற கட்சி. தடித்த தோலாகப் படிந்து நிப்பிளின் பள்ளங்களை அடைத்துவிடுகிறது, பிறகு ஒரு கம்பியைக் கால் திருகு திருப்ப வேண்டுமென்றாலும் அதை உடைக்க வேண்டும். உடைந்த இடத்தில் ஈரம் புகுந்து தோலுக்கு அடியிலேயே துரு பரவும். ஆனால் 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அந்தச் சக்கரத்தில் கம்பிகளை ரிம்மோடும் ஹப்போடும் வெல்டிங் செய்திருக்கிறார்கள், திருப்புவதற்கு நிப்பிளே கிடையாது. அவர்கள் தாராளமாகப் பவுடர் கோட்டிங் செய்துகொள்ளலாம்.

பழைய சாயத்தை உரிப்பதற்கு மணல் வீச்சு நல்லது. ஆனால் சாதாரண ஆற்று மணலை வீசும் இடத்துக்குப் போகாதீர்கள், அந்தத் தூசி வேலை செய்கிறவரின் நுரையீரலைக் கெடுக்கும். கண்ணாடி மணி, கார்னெட் அல்லது அலுமினியம் ஆக்சைடு, குறைந்த அழுத்தம். வீசுவதற்கு முன் ஸ்ப்ளைன் துளையை மரக்கட்டையோ ரப்பரோ வைத்து இரண்டு பக்கமும் அடைத்து, ஹப்பின் கூம்பும் நட்டின் கூம்பும் அமரும் முகங்களின் மேல் தடித்த டேப் சுற்ற வேண்டும். போரானி போன்ற அலுமினிய ரிம் உள்ள இத்தாலியச் சக்கரம் யாரிடமாவது இருந்தால், காஸ்டிக் சோடா கலந்த கரைசலின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அலுமினியத்தை அது கரைத்துவிடும்.

வீச்சு முடிந்த இரும்பு அம்மணமாக நிற்கிறது. கடலோர ஊர்களில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூத்துவிடும், அதனால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். எபாக்ஸி பிரைமர் நன்றாகப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தை பிறந்த பிறகு பாருங்கள். பட்டி போட்டு மேடுபள்ளம் நிரப்புவது பாடிக்குச் சரி, சக்கரத்துக்குக் கூடாது. ரிம்மில் பட்டி தேவைப்படும் அளவுக்கு அரிப்பு இருந்தால் அந்த ரிம்மை மாற்ற வேண்டும்.

சாயம் அடிக்கச் சக்கரத்தை ஓர் அச்சில் கோத்துச் சுற்றும்படி நிறுத்துங்கள். முதலில் பின்புறத்திலிருந்து உள்வரிசைக் கம்பிகளுக்கு. பிறகு பக்கவாட்டில் சாய்த்து, ஒவ்வொரு கம்பியின் ஓரத்துக்கும். முகப்பு கடைசி. மெல்லிய பூச்சாக, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, ஒன்று தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அடுத்தது. அவசரப்பட்டு ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் நிப்பிள்களின் அடியில் சாயம் சொட்டாக உறைந்து நிற்கும். நிறம் மின்னும் வெள்ளியாக வேண்டாம். ஆலைச் சாயம் சற்று அடங்கிய அலுமினிய நிறம், வெயிலில் கண்ணைக் குத்தாதது. பச்சை எம்.ஜி.யின் பக்கத்தில் அந்த நிறம் எவ்வளவு பொருத்தமாக உட்காரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெயிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் சாயத்தின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் வாழ்நாள் ஆஸ்துமா வரலாம். மூக்கில் கட்டிய கைக்குட்டையோ சாதாரண முகக்கவசமோ அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். பட்டறையில் அது இல்லையென்றால் ஒற்றைப் பாகச் சாயத்தை அடிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் மங்கும், மங்கட்டும்.

சாயம் படவே கூடாத இடங்கள்: ஸ்ப்ளைன் பற்கள், ஹப்பின் கூம்பும் நட்டின் கூம்பும் அமரும் முகங்கள். கூம்பு முகத்தில் சாயம் இருந்தால் நட்டை இறுக்கும்போது இறுகியது போலத் தோன்றும். வண்டி ஓட ஓடச் சாயம் நசுங்கி இடம் கொடுக்கும், நட்டு தளரும். "புதுசா பெயிண்ட் அடிச்ச சக்கரம் கழன்று ஓடிப்போச்சு" என்று கேள்விப்பட்டால் முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

இரண்டாவது சந்தேகம் மரையின் திசை. வண்டியின் இடப்பக்கத்து ஹப்பில் வழக்கமான மரை, வலப்பக்கத்தில் எதிர் மரை. வண்டி முன்னோக்கி ஓடும்போது நட்டு இறுகும் பக்கமாகவே உந்தப்பட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ ஹப்புகளை இடம் மாற்றி மாட்டியிருப்பது அபூர்வமல்ல. காது வைத்த நட்டாக இருந்தாலும், 1968 முதல் அமெரிக்க விதிகள் துருத்தும் காதுகளைத் தடை செய்த பின் வந்த எண்கோண நட்டாக இருந்தாலும் சோதனை ஒன்றே. ஒவ்வொரு பக்கத்திலும் கையால் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது பற்களிலும் மரையிலும் கூம்பிலும் மெல்லியதாகக் கிரீஸ். சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கியிருக்கும்போதே செம்புச் சுத்தியலால் நட்டை இறுக்கினால் கூம்பு நடுவில் சரியாக அமரும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதிதாக முறுக்கிய கம்பிகள் சில நூறு கிலோமீட்டரில் தம் இடத்தில் படிந்து கொஞ்சம் தளரும், அப்போது இன்னொரு முறை தட்டிக் கேட்க வேண்டும். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். டிக்கியில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் அதன் பற்களிலும் கிரீஸ் இருக்க வேண்டும், அதுவும் இதே சோதனைகளில் தேற வேண்டும்.

உங்களில் சிலர் அழகுப் போட்டிகளில் நடுவர்களாக உட்காருகிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். குரோம் சக்கரம் மாட்டிய டி.சி.க்கு முதல் பரிசும், முறையாகச் சாயம் பூசிய சக்கரத்தோடு வந்த டி.சி.க்கு ஆறுதல் பரிசும் கொடுத்தால், அடுத்த ஆண்டு எல்லோரும் முலாம் பட்டறைக்குத்தான் ஓடுவார்கள். மதிப்பெண் தாளில் சக்கரத்துக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியை அதன் நிலைமைக்குக் கொடுங்கள். கையில் ஒரு சின்ன ஸ்பானர் வைத்துக்கொண்டு நாலு கம்பியைத் தட்டிப் பார்க்கும் நடுவரைப் பார்த்தால், உரிமையாளர்கள் வீட்டிலேயே தட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள்.

எல்லோருக்கும் ஒரு யோசனை. அணிவகுப்புக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சக்கரத்துக்கென்று ஒதுக்குவோம். இடமும் நிழலும் உள்ள ஒருவர் வீடு போதும். டயல் கேஜும் ஸ்டாண்டும் நான் கொண்டுவருகிறேன். புல்லட் சக்கரம் கட்டும் மெக்கானிக் ஒருவரையாவது கூலி கொடுத்து அழைத்து வருவோம், அவர் கை பழகட்டும், நம் இளையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். நீங்கள் சக்கரங்களை டயர் கழற்றிக் கொண்டுவாருங்கள். கழற்றுவதற்கு முன் வால்வுக்கு நேராக ரிம்மிலும் டியூபிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். டியூபில் உராய்ந்த தடம் எந்த நிப்பிளுக்கு நேராக விழுந்திருக்கிறது என்பதை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கம்பிச் சக்கரம் கட்டும் உங்கள் நண்பன்